மலைக் காப்பியும் பேடண்டுப் பத்திரமும்

பயிர்த்தொழிலின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் மண்ணையும் மழையையும் விலைவாசியையும் பற்றி விரிவாகப் பேசுவர். அப்பயிர் நம் வாய்க்கு வந்து சேரும் வரையில் அதைத் தொட்டு நிற்கும் யந்திரங்கள் யாருடைய மூளையில் உதித்தன, எந்த அரசாங்கத்தின் முத்திரையைப் பெற்றன, எத்தனை தேசம் கடந்து இங்கு வந்தன என்பதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரியும் எழுதுவதில்லை. சேர்வராயன் மலைமீது, ஏற்காட்டைச் சூழ்ந்த சிற்றூர்களுள் ஒன்றாகிய கரடியூரிலும் அதன் அண்டையிலும், சவுக்குப்போல் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் மிளகுக்கொடியும் காப்பிச்செடியும் கலந்து வளர்கின்றன. மலையாளிகள் என வழங்கப்பெறும் மலைக்குடிகள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் அம்மலைக்குக் காப்பி வந்து இன்னும் முழுதாக இருநூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. 1820-ஆம் ஆண்டு முதல் 1829 வரை சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பாரே காப்பியை அங்கே பயிரிடச் செய்தவர் என்பதும், கிரேஞ்ச் என்னும் அவருடைய தோட்டமே அதற்கு முதலிடம் என்பதும் யாவரும் அறிந்த செய்தி. அவர் கொண்டுவந்த செடியின் கதையைப் பலர் சொல்லிவிட்டார்கள். அச்செடியின் பழத்தை உரிக்கும் பல்ப்பர், கொட்டையை அரைக்கும் கைமிஷின், பொடியை வடிக்கும் பில்டர் ஆகிய எளிய கருவிகளின் வம்சாவளியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவற்றின் வம்சாவளி பேடண்டுப் பத்திரங்களில் இருக்கிறது. புதிதாக ஒன்றைக் கண்டவன் தன் இரகசியத்தை ஒளியாமல் எழுதி அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும்; அதற்கு ஈடாகக் குறித்த சில ஆண்டுகள் வரையில் அவனுடைய சம்மதமின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று அரசாங்கம் தடுத்துக் கொடுக்கும். தவணை முடிந்ததும் இரகசியம் உலகத்தின் பொதுச்சொத்தாகிவிடும். ஏற்பாடு நேர்மையானதே. ஆனால் எழுதத் தெரிந்தவனுக்கும், எழுதியதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்க வசதி உள்ளவனுக்கும், மனுவைப் பரிசீலிக்கும் அரசாங்கத்தின் மொழி அறிந்தவனுக்கும் மட்டுமே அதன் பலன் கிட்டும் என்பதை அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் பெரிதாக எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேலம் ஜில்லாவில் இதற்குத் தக்க திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. அது காப்பியைப் பற்றியதன்று, இரும்பைப் பற்றியது. காக்பர்ன் கலெக்டராக இருந்த அதே காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் வர்த்தக அதிகாரியாகச் சேலம், கோயமுத்தூர்ப் பகுதிகளில் ஊழியம் பார்த்தவர் ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பார். சேலத்துக்கு அருகே கஞ்சமலையிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் காந்தத்தன்மை வாய்ந்த உயர்ந்த இரும்புத்தாது குவிந்து கிடப்பதையும், அதை ஊர்க் கொல்லர்கள் சிறிய மண் உலைகளில் உருக்கி நேர்த்தியான உருக்காக்குவதையும் கண்ணாரக் கண்ட அவர், கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு, சென்னை ராஜதானி முழுவதிலும் ஐரோப்பிய முறையில் இரும்பு காய்ச்சும் பிரத்தியேக உரிமையை அரசாங்கத்திடமிருந்து பெற்று, 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய ஆலை ஒன்றை நிறுவினார். சேலத்துத் தாது பரிசல்களில் காவேரி வழியாகக் கீழே இறங்கிக் கடற்கரை ஆலையை அடைந்தது. உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகள் அழிந்தன. கரி கொண்டுவரும் தூரம் கூடக்கூட அடக்கவிலை ஏறிற்று. கடைசியில் ஆலை நொடித்துப் போயிற்று. அது நமக்கு இப்பொழுது முக்கியமன்று.

முக்கியமானது அவர் கண்ட காட்சி. ஹீத் எழுதி 1839-இல் ராயல் ஆசியாடிக் சொஸைட்டியின் சஞ்சிகையில் அச்சான கடிதத்தில், நம் கொல்லர்களின் தொழில் நுணுக்கம் கிட்ட நின்று பார்த்தவனின் கண்ணோடு வருணிக்கப்பட்டிருக்கிறது. அடித்துப் பதப்படுத்திய இரும்பைச் சிறு துண்டுகளாக நறுக்கி, கையடக்கமான களிமண் மூசை ஒவ்வொன்றிலும் அளவாக இட்டு, அதனோடு ஆவாரை மரத்தின் உலர்ந்த சுள்ளிகளையும் சேர்த்து, மேலே எருக்கின் பச்சை இலைகளை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துக் காயவைப்பார்கள். அவ்வாறு அடைத்த மூசைகள் இருபதுக்கு மேல் ஓர் உலையில் வளைவாக அடுக்கப்படும். கரியை நிரப்பித் துருத்தி ஊதுவது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மூசை ஆறியபின் உடைத்தால், அடியில் வட்டமான உருக்குக் கட்டி கிடக்கும். கட்டியின் முகம் வழவழப்பாக இருந்தால் உருகல் நன்றாயிற்று என்றும், பொத்தலும் முனையும் துருத்திக்கொண்டிருந்தால் உலை போதவில்லை என்றும் கொல்லன் ஒரு பார்வையில் சொல்லிவிடுவான்.

ஆவாரையும் எருக்கும் ஏன் என்று ஹீத் யோசித்தார். இங்கிலாந்தில் உருக்குக்கு இரண்டு பிரசித்தமான பேடண்டுகள் அவர் எழுதுவதற்கு முன்பே வழங்கப்பட்டிருந்தன. ஒன்று, இரும்பையும் கரிப்பொருளையும் ஒருசேர மூசையிலிட்டு உருக்குவதற்காக 1800-இல் டேவிட் மஷெட் பெற்றது. மற்றொன்று, கரியும் நீரகவாயுவும் கூடிய வாயுவில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உருக்காக்குவதற்காக 1825-இல் சார்ல்ஸ் மாக்கின்டாஷ் பெற்றது. (இரப்பர் பூசிய துணிக்கு 1823-இல் பேடண்டு வாங்கி, மழைக்கோட்டுக்கே தம் பெயரை ஈந்தவரும் அவரே. ஐப்பசி மழையில் மலைத்தோட்டத்துத் துரைமார் அவர் பெயர் கொண்ட அங்கியைப் போர்த்துக் குதிரையேறினார்கள். அவர்கள் தோட்டத்தில் பழம் பறித்தவர்களுக்குக் கம்பளியே கதி.) சேலத்து மூசையில் உலர்ந்த சுள்ளி மஷெட்டின் கரியாகவும், பச்சை இலையிலிருந்து கிளம்பி வெளியேற வழியின்றி இரும்பைச் சூழ்ந்து நிற்கும் வாயு மாக்கின்டாஷின் வாயுவாகவும் தொழிற்படுகின்றன, ஆகவே இரண்டு பேடண்டுகளின் தத்துவத்தையும் இந்தியக் கொல்லன் ஒரே களிமண் சிமிழில் அடக்கி வைத்திருந்தான் என்பதே ஹீத் கண்ட முடிவு. சிறந்த இரசாயனிகள் இருவர் கால் நூற்றாண்டு இடைவெளியில் தனித்தனியே கண்டு இராஜமுத்திரை பெற்றதை, எழுத்தறியாத கொல்லன் தன் தகப்பனிடம் கற்ற கைப்பழக்கமாகச் செய்துகொண்டிருந்தான். அவனுக்கு முத்திரையும் இல்லை. அதைத் தடுக்க அவன்மேல் வழக்கும் இல்லை.

இதைச் சொன்ன ஹீத்துக்கே நேர்ந்த கதி விசித்திரமானது. தாயகம் திரும்பி, அதே 1839-ஆம் ஆண்டில், உருகும் எஃகில் மாங்கனீசும் கரியும் கூடிய ஒரு பொருளைச் சிறிதளவு சேர்த்தால் அது கட்டுத்தளர்ந்து சம்மட்டிக்கு இசையும் என்பதற்குப் பேடண்டு வாங்கினார். அதற்கு முன் வார்ப்பு எஃகை இரும்போடு பற்றவைப்பது துர்லபம். அதற்குப் பின், சாப்பாட்டு மேஜைக் கத்தியின் அலகை வார்ப்பு எஃகிலும் காம்பை மலிந்த இரும்பிலும் செய்து ஒட்ட முடிந்தது. ஸ்வீடனிலிருந்து வந்த விலையுயர்ந்த இரும்பை நம்பியிருந்த ஷெப்பீல்டு நகரத்துக் கத்தித் தொழிலுக்கு அது புத்துயிர் அளித்தது. ஆனால் அந்நகரில் ஹீத்தின் ஏஜெண்டாக இருந்த அன்வின் என்பவர், மாங்கனீசுக் கூட்டுப்பொருளைத் தனியே செய்து விலைக்கு வாங்குவானேன், மாங்கனீசுத் தாதையும் கரிப்பொருளையும் நேரே மூசையில் போட்டால் அந்தக் கூட்டு உள்ளேயே உண்டாகிவிடாதா என்று, அவ்வாறே செய்யத் தொடங்கினார். பேடண்டில் எழுதியிருந்தது கூட்டுப்பொருளைச் சேர்ப்பது பற்றி. அதன் உறுப்புக்களைச் சேர்ப்பது பற்றி அன்று. இந்த ஒரு வித்தியாசத்தின்மேல் வியாஜ்யம் பல ஆண்டுகள் நடந்தது. நீதிபதிகளும் ஒருமனப்படவில்லை. 1851-இல் ஹீத் வறுமையில் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கமே தீர்ப்பளித்தது. சேலத்துக் கொல்லன் எழுதாததால் இழந்தான் என்றால், அவனிடம் பாடம் கேட்ட துரை எழுதியும் இழந்தார். எனக்கென்னவோ இரண்டாவதே அதிகப் பரிதாபமாகத் தோன்றுகிறது, ஏனெனில் கொல்லன் தான் இழந்ததை அறியவே இல்லை.

அத்தீர்ப்புக்கு மறு ஆண்டுதான் நம் தேசத்திற்கு முதல் பேடண்டுச் சட்டம் வந்தது. 1856-ஆம் ஆண்டின் 6-ஆவது சட்டம் பதினான்கு ஆண்டுக்குப் பிரத்தியேக உரிமை வழங்கியது. மார்ச்சு மாதம் 3-ஆம் தேதி கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்பவர் அதன் கீழ் முதல் மனுவைக் கொடுத்தார். எதற்கு? பங்கா இழுக்கும் யந்திரத்திற்கு! கச்சேரியின் வராந்தாவில் உட்கார்ந்து, கயிற்றைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு தூங்கித் தூங்கி இழுக்கும் ஏழையின் வேலையைத் தானே செய்யும் பொறியோடு இந்தியாவின் பேடண்டுச் சரித்திரம் தொடங்குகிறது. இராணியின் முன்சம்மதம் பெறாமல் இயற்றப்பட்ட குற்றத்திற்காக அச்சட்டம் மறு ஆண்டே ரத்தாகி, 1859-இல் திருத்தப் பெற்று மீண்டும் வந்தது. 1888-இலும் 1911-இலும் அது விரிந்தது. கடைசியாகச் சொன்ன சட்டமே தேசம் சுதந்திரம் பெற்ற பின்னரும் நெடுநாள் நிலவிற்று.

இனிக் கருவிகளுக்கு வருவோம். தோட்டத்துக் காப்பி யந்திரங்களுக்குப் பிறப்பிடம் இங்கிலாந்தும் இலங்கையும். மேற்கிந்தியத் தீவுகளின் முறையை ஜமெய்க்காவில் கற்று 1837-இல் இலங்கைக்கு வந்த ராபர்ட் பாய்ட் டைட்லர், பழத்தைப் பறித்த உடனே தோல் உரித்து, ஊறவைத்துக் கழுவிக் காயவைக்கும் முறையைக் கண்டி மலைகளில் பரப்பினார். அம்மலைகளில் தோட்டங்கள் பெருகப் பெருகப் பட்டறைகளும் பெருகின. 1854-இல் கண்டியில் ஜான் வாக்கர் தொடங்கிய பட்டறை தோட்ட யந்திரங்களுக்குப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் கப்பலேறி அங்கே போக, அவர்கள் கையாண்ட யந்திரங்கள் தென்னிந்திய மலைகளுக்கு வந்தன.

பல்ப்பர் பார்வைக்கு அற்பமான பொருள். செப்புத் தகடு போர்த்திய உருளை. தகட்டின் உட்புறமிருந்து குத்தி எழுப்பிய பற்கள். எதிரே அசையாத இரும்புக் கட்டை. மேலே பழமும் தண்ணீரும் சேர்ந்து விழும் தொட்டி. உருளை சுழன்றதும் பழம் பற்களில் சிக்கித் தோல் ஒரு பக்கமும் கொட்டை மறு பக்கமுமாகப் பிரியும். எல்லா வித்தையும் உருளைக்கும் கட்டைக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. கூடினால் பழம் உரியாமலே விழும். குறைந்தால் கொட்டையில் கீறல் படும். கீறல் பட்ட கொட்டை புளித்து, வறுக்கும்போது மொத்தச் சரக்கின் மணத்தையும் கெடுத்துவிடும். பழமோ ஒரே பருமனாக வருவதில்லை. பருவத்தின் முதற் பறிப்பில் ஒருவிதம், நடுவில் ஒருவிதம், மழை குறைந்த ஆண்டில் வேறு விதம். ஆதலால் பல்ப்பரில் நிற்கும் அநுபவசாலி, கொட்டை விழும் வாயில் கையை நீட்டி ஒரு பிடி அள்ளிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, திருகாணியைக் கால் சுற்று இறுக்குவான் அல்லது தளர்த்துவான். அப்படியே, உரித்த கொட்டை தொட்டியில் ஊறி அதன்மேல் இருக்கும் வழுவழுப்புப் போயிற்றா என்பதற்கும் கையே அளவுகோல்: பிடித்துத் தேய்த்தால் ஆற்றுக் கூழாங்கல்போல் கரகரக்க வேண்டும். பேடண்டுப் பத்திரத்தில் உருளையின் படம் உண்டு. இந்தக் கால் சுற்றுக்கு அங்கே இடமில்லை.

கழுவிய கொட்டையைக் களத்தில் காயவைப்பதற்கு வெயில் வேண்டும். பறிப்புக் காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஈரக் கொட்டை குவியலிலேயே சூடேறி முளைகட்டிப் பாழாகும். இத்துன்பத்துக்குப் பரிகாரம் தேடியவர் இலங்கைத் தோட்டக்காரராகிய வில்லியம் கிளெரிஹ்யூ. துவாரமுள்ள தரையில் கொட்டையைப் பரப்பி, சுழல்விசிறிகளால் அதனூடே காற்றை உறிஞ்சி இழுத்து உலர்த்தும் அமைப்புக்கு 1849-இல் பேடண்டு பெற்று, 1851-இல் லண்டன் மகா பொருட்காட்சியில் அதை வைத்தார். வெப்பத்தைக் காட்டிலும் ஓடும் காற்றே உலர்த்துகிறது என்ற அவருடைய கருத்து, இன்று காப்பியையும் தானியத்தையும் உலர்த்தும் எத்தனையோ யந்திரங்களில் பெயரின்றி வாழ்கிறது. 1869-இல் இலங்கைச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டு, பின்வந்த ஆண்டுகளில் அத்தீவின் காப்பி அனைத்தையும் தின்று தீர்த்துத் தேயிலைக்கு வழிவிட்டபோது, கண்டுபிடித்தவர்களுடைய பூமியில் பயிர் மறைந்து, அவர்களுடைய யந்திரங்கள் மட்டும் பிற மலைகளில் எஞ்சின.

சட்டத்தின் கருணை எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதற்கு மற்றொரு சாட்சியும் உண்டு. 1878-இல் சென்னை அரசாங்கம் காப்பித் திருட்டுத் தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. யந்திரம் கண்டவனுடைய யோசனைக்கு ஒரு சட்டம். தோட்டக்காரனுடைய கொட்டைக்கு ஒரு சட்டம். பறிப்பவனுடைய கைத்திறனுக்கு மட்டும் சட்டமொன்றும் தோன்றவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கைத்திறனைப் பத்திரத்தில் எழுதிக் காப்பதற்கு வழியும் எளிதில் புலப்படுவதாயில்லை.

இனி வீட்டுக்குள் வருவோம். காப்பி மலையில் விளைந்தாலும் நெடுநாள் வரை அது பெரும்பாலும் கப்பலேறும் சரக்காகவே இருந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தமிழ்நாட்டு இல்லங்களில் நீராகாரத்தின் ஸ்தானத்தை அது கைப்பற்றியது. கைப்பற்றியபோது இரண்டு கருவிகளையும் உடன் கொண்டுவந்தது. அரைக்கும் மிஷினுக்கு அமெரிக்காவில் தாமஸ் பிரப் என்பவர் 1798-இலேயே பேடண்டு வாங்கியிருந்தார். பிரான்சில் பீஜோ குடும்பத்தார் 1840 முதல் காப்பி மில் செய்தனர். பிற்காலத்தில் மோட்டார் வண்டியால் உலகறிந்த அதே பீஜோ. இலண்டனில் ஸ்பாங் என்பாரின் கம்பெனி, மேஜையோரத்திலோ சுவரிலோ திருகிவைக்கும் வார்ப்பிரும்புக் கைமிஷினைப் பிரபலமாக்கியது. வாரத்துக்கொருமுறை இரும்புச்சட்டியில் கொட்டையை வறுத்து, வீட்டுப் பிள்ளைகளை முறைபோட்டுக் கைப்பிடியைச் சுற்றவைத்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பில்டரின் கதை இன்னும் சுவையானது. பாரிஸ் நகரத்து ஆர்ச்பிஷப் தெ பெல்வா என்பவர் பெயரால் 1800-ஐ ஒட்டி வழக்குக்கு வந்த இரட்டைப் பாத்திரமே அதன் மூதாதை: மேற்பாத்திரத்தின் அடியில் கண்கள், அதில் பொடி, அதன்மேல் வெந்நீர், கீழ்ப்பாத்திரத்தில் சொட்டும் கஷாயம். 1802-இல் தெனோப், ஆன்ரியோன், ரூஷ் என்னும் மூவர் காப்பி தயாரிக்கும் கருவிக்கு முதல் பிரெஞ்சுப் பேடண்டைப் பெற்றனர். 1806-இல் ஆத்ரோ என்பவர் வெள்ளீயத்தில் பிஸ்மத்துச் சேர்த்த சல்லடையையும், பொடியை அமுக்குவதற்கு அதே உலோகத்தில் துளையிட்ட தட்டையும் அமைத்துப் பேடண்டு வாங்கினார். காம்பு வைத்த அந்தத் துளைத்தட்டு நம் வீட்டுப் பில்டரில் பொடியின்மேல் கவிழ்ந்திருப்பதை எந்த அடுக்களையிலும் காணலாம். அதே காலத்தில் காப்பியைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதிப் பாத்திரத்தைச் சீர்திருத்திய ரம்போர்டு பிரபு மட்டும், உலகத்துக்குப் பயன்பட வேண்டியதற்கு விலை எதற்கென்று, தாம் கண்டவற்றைப் பேடண்டு செய்யாமலே விட்டார்.

ஐரோப்பியர் அதற்குப் பின் அப்பாத்திரத்தைக் கைவிட்டு நீராவிக்கும் காகிதச் சல்லடைக்கும் போய்விட்டார்கள். டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் குடும்பப்பெண் தன் மகனுடைய பள்ளிக்கூட ஒற்றுத்தாளை எடுத்து வடிகட்டிப் பார்த்து, 1908-இல் அதைப் பதிவு செய்துகொண்டாள். தமிழரோ பாரிஸ்காரர் கைவிட்டதைப் பித்தளையில் வார்த்து, சிக்கரி சேர்த்த பொடிக்கும் காய்ச்சிய பாலுக்கும் பொருந்தக் கண்களைச் சிறுத்து எண்ணிக்கையைப் பெருக்கி, அதைத் தம் சொந்தப் பாத்திரமாக்கிக் கொண்டனர். சொட்டுச் சொட்டாக இறங்கும் கெட்டியான முதல் டிகாக்ஷன் விருந்தாளிக்கு, இரண்டாம் டிகாக்ஷன் வீட்டாருக்கு என்னும் தர்மசாஸ்திரமும் நம்முடையதே. இவ்வளவு மாறுதலைச் செய்த கன்னான் எவனும் எந்த ஆபீசுக்கும் மனு எழுதவில்லை. எழுதியிருந்தால் தெருவுக்கொரு பாத்திரக்கடையில் அது குறைந்த விலைக்குக் கிடைத்திருக்குமா என்பதும் சந்தேகமே.

சுதந்திரத்தின் பின் இந்தக் கேள்வியை அரசாங்க ரீதியில் ஆராய்ந்தவர் ஒரு தமிழர். 1957-இல் நியமிக்கப்பெற்ற நீதிபதி என். ராஜகோபாலய்யங்கார், 1959-இல் சமர்ப்பித்த அறிக்கையில், இந்தியாவில் வழங்கப்பட்ட பேடண்டுகளில் மிகப் பெரும்பான்மையானவை அந்நியருடையவை என்பதையும், அவற்றில் மிகப்பல இங்கே தொழிலாக நடத்தப்படாமல் இறக்குமதிச் சந்தையைக் காக்கும் வேலிகளாகவே நிற்கின்றன என்பதையும் எடுத்துக்காட்டினார். 1970-இல் இயற்றி 1972-இல் அமலான சட்டம் அந்த அறிக்கையின் சந்ததி. பேடண்டு பெற்றவன் இந்த நாட்டிலேயே அதைத் தொழிற்படுத்த வேண்டும், வெறுமனே இறக்குமதி செய்து விற்பது போதாது என்பது அதன் உயிர்நிலைகளுள் ஒன்று.

பித்தளைப் பில்டருக்கு ஈயம் பூசவேண்டும். பூச்சுத் தேய்ந்தால் டிகாக்ஷனில் களிம்பு ஏறும். தெருவில் ஈயம் பூசுகிறவன் குரல் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தொல்லையை ஒழித்தது எவர்சில்வர். துருப்பிடிக்காத அந்த எஃகுக்கு 1912-இல் ஜெர்மனியில் க்ரூப் கம்பெனியார் பேடண்டு வாங்கினர். 1913-இல் அதன் வேறொரு வகையை ஹாரி பிரியர்லி உருக்கியதோ, ஹீத்தினால் பிழைத்த அதே ஷெப்பீல்டில்; முதலில் துப்பாக்கிக் குழல்களுக்காக, பின்னரே அதே மேஜைக் கத்திகளுக்காக. பிரியர்லியின் முதலாளிகள் அதில் சிரத்தை காட்டவில்லை. அவருடைய அமெரிக்கப் பேடண்டு 1916-இல்தான் கிடைத்தது. கஞ்சமலையின் அடிவாரத்தில் 1981-இல் சேலம் உருக்காலை எவர்சில்வர்த் தகடு உருட்டத் தொடங்கியபோது, அந்தப் பேடண்டுகள் எல்லாம் காலாவதியாகிப் பல பத்தாண்டுகள் கழிந்திருந்தன. ஆலை முதலில் உருட்டியதோ கஞ்சமலைத் தாதை அன்று, வெளியிலிருந்து வந்த சுருள்களை. பாத்திரக் கடைகளில் இன்று தொங்கும் எவர்சில்வர்ப் பில்டரை வாங்குகிறவன் க்ரூப்புக்கும் பிரியர்லிக்கும் ஆத்ரோவுக்கும் ஒரு காசும் கட்டவேண்டியதில்லை; ஆனால் வாங்கும்போது மேற்பாத்திரத்தை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துக் கண்களெல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும்.